எழுபதில் நிற்க வேண்டிய முள்

சித்தூரில் எங்கள் வேதக்கோயிலின் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வருஷம் வந்த காணிக்கைகள் இவை: பூசணிக்காய் பதினாறு, கோழி நாலு, வெல்ல மூட்டை இரண்டு, ஓர் ஆட்டுக்கிடா, பூப்போட்ட தலையணை உறைகள், ஒரு பெட்டி சுருட்டு. கிடா விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஆனால் அன்று எல்லோரும் பார்த்தது சத்தமே போடாத அந்தப் பெட்டியைத்தான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அந்தக் கோயிலில் மணியடிக்கிறவன். பெஞ்சு துடைப்பது, விளக்கு ஏற்றுவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது, காணிக்கைப் பொருள்களைத் தூக்கி வைப்பது எல்லாம் என் வேலை. கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை வீடு. நானும் என் மனைவியும் இருந்தோம். வேலை டெம்பரவரி. ஆறு வருஷமாக டெம்பரவரி. ஒவ்வொரு பண்டிகைக்குப் பிறகும் கமிட்டி கூடி எனக்கு இன்னொரு வருஷம் கொடுக்கும். பர்மனென்ட் ஆகாதவரை அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட எனக்கு மனம் வராது.

அஞ்சாம் வகுப்புவரை படித்தவன் நான். கூச்சம் அதிகம். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். மணியடிக்கிற வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். கயிற்றை இழுத்தால் போதும். பேச வேண்டியதை மணி பேசிக்கொள்ளும்.

பெட்டியை அனுப்பியவர் எங்கள் சபையில் பிறந்து வளர்ந்து கப்பலில் சமையல்காரராகப் போனவர். எந்தத் துறைமுகத்திலோ அவருடைய கேப்டன் அதைப் பரிசாகக் கொடுத்தாராம். அவர் புகை பிடிக்கிறவர் இல்லை. ஆனால் சபையில் யாருக்கு எது பிரியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கீல் வைத்த மரப்பெட்டி. திறந்தால் இருபத்தைந்து சுருட்டு, குழந்தைகள் ஒரே பாயில் படுத்திருப்பதுபோல வரிசையாக. மூடியின் உள்பக்கத்தில் சின்னக் கடிகாரம் போல ஒன்று. அதில் மணி இல்லை, ஒரே ஒரு முள்தான். ஒன்றிலிருந்து நூறுவரை எண்கள். கூடவே ஒரு கடிதம். ஈரத்தைக் காட்டும் இந்த முள் எழுபதில் நிற்க வேண்டும், மிகவும் கீழே போனால் இலை வெடித்துவிடும், மிகவும் மேலே போனால் பூஞ்சை பிடித்துவிடும் என்று எழுதியிருந்தார்.

பண்டிகைக் காணிக்கைகளை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் போடுவது எங்கள் வழக்கம். பூசணிக்காயில் ஆரம்பித்துக் கிடாவில் முடியும். அந்த வருஷம் தலையணை உறைக்குப் பிறகு ஏலம் நின்றுவிட்டது. கமிட்டி அவசரமாக உள்ளறைக்குப் போனது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சிக்கல் இதுதான். அந்த உள்ளறைச் சுவரில் வெள்ளைக்காரப் பாதிரிமார் காலத்தில் பதித்த கல் ஒன்று உண்டு. சாராயம், புகையிலை, நாடகக் கொட்டகை ஆகியவற்றோடு தொடர்புள்ளவர்கள் கமிட்டியில் இருக்கலாகாது என்று அதில் வெட்டியிருக்கும். அதில் நாடகக் கொட்டகை மட்டும்தான் சித்தூரில் இல்லாமல் போயிருந்தது.

கமிட்டியில் பேசுகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் ஐயர். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவது. வந்து இரண்டு வருஷம் ஆன, சாந்தமான மனுஷர். இன்னொருவர் செயலாளர், ரிட்டயரான ஹெட்மாஸ்டர். மூன்றாமவர் மூப்பர், மரவாடி வைத்திருந்தவர். குரல், மீசை, இருமல் மூன்றும் அவருக்குப் பெரிது. அந்த இருமலை ஆஸ்துமா என்று அவர் சொல்வார், மற்றவர்களும் ஆஸ்துமா என்றே சொல்வார்கள்.

“ஏலம் போட்டா யார் கேப்பாங்க?” என்றார் ஐயர்.

எல்லோருக்கும் வேண்டும், ஒருவரும் கேட்க முடியாது. அது அவர்கள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

“திருப்பி அனுப்பிச்சிடலாமா?” என்றார் ஹெட்மாஸ்டர்.

“இன்னா சார், பீடத்துல வெச்சி ஜெபம் பண்ணியாச்சி. ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் குடுக்கிறதா?” என்றார் மூப்பர்.

“அப்ப எரிச்சிடலாம்.”

“ஆண்டவருக்குக் குடுத்தத எரிக்கிறதா!” மூப்பருக்கு இருமல் வந்துவிட்டது.

கடைசியில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பது, பதில் வரும்வரை பெட்டியைக் கெடாமல் காப்பது என்று தீர்மானம் ஆனது. ஐந்தாவது தீர்மானம். பெட்டி கோயில் கட்டடத்துக்குள், தகுந்த ஈரமுள்ள இடத்தில், மணியடிக்கிறவன் பொறுப்பில் இருக்கும் என்று ஹெட்மாஸ்டர் அழகான கையெழுத்தில் எழுதினார்.

“தம்பி, ஆண்டவர் சொத்து. முள்ளு எழுவதுலயே நிக்கட்டும். நின்னுதுன்னா நீ பர்மனென்டு. ஒண்ணு வெடிச்சாலும் சரி, பூசணம் பூத்தாலும் சரி, வீட்டைக் காலி பண்ணிக்கினு போய்க்கினே இரு” என்றார் மூப்பர்.

நான் தலையாட்டினேன். ஆறு வருஷம் கயிறு இழுத்து வராத பர்மனென்ட், நான் ஒருநாளும் பிடிக்காத சுருட்டால் வரப்போகிறது.

சுருட்டு எனக்குப் புதிதில்லை. கோயிலுக்கு வரும் முன் வெல்ல மண்டித் தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்தேன். திண்டுக்கல்லிலிருந்து வரும் கட்டுச் சுருட்டை வாழைப்பட்டையில் சுற்றி மண்பானையில் வைத்து, பானையை ஈர மணலில் உட்கார வைப்போம். காதருகே வைத்து விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அழுத்தினால் அமுங்கி, விட்டால் மறுபடி எழும்ப வேண்டும். அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. இதற்கு நம்பர் ஒன்றும் கிடையாது. ஆனால் கமிட்டிக்கு நம்பர்தான் வேண்டியிருந்தது.

உள்ளறை அலமாரியில் பானையும் மணலும் வைத்துப் பார்த்தேன். மாசியில் முள் ஐம்பத்தைந்தில் நின்றது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“செகண்ட் கிளாஸ்” என்றார்.

பங்குனியில் நாற்பத்திரண்டு. “தேர்டு கிளாஸ். என்னப்பா இது, உழைப்பே காணோமே.”

சித்திரை பிறந்தது. சித்தூர் வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நீவா ஆற்றில் மணல்தான் ஓடும். முள் முப்பத்தைந்துக்கு இறங்கியது. “ஜஸ்ட் பாஸ். முப்பத்தி நாலுக்குப் போனா ஃபெயில், தெரியுமில்ல?” என்றார். நாற்பது வருஷம் மார்க் போட்ட கை. சுருட்டுக்குப் போடாமல் இருக்குமா?

வந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. கமிட்டியில் ஆளாளுக்குத் தனித்தனியாக ஈரம் பார்க்க வர ஆரம்பித்தார்கள். ஆராதனைக்கு வராதவர்கூட ஈரம் பார்க்க வந்தார். மூப்பர் வாரம் இருமுறை வருவார். ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே உருட்டுவார். அவர் உருட்டுகிற லாவகத்தைப் பார்த்தால் ஆஸ்துமாவுக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம்.

“இது வறண்டு போச்சிப்பா. இத்த உள்ள வுட்டா மத்ததையும் கெடுத்துடும்” என்று சொல்லி, கெட்டுப்போனதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். மற்றவற்றைக் காப்பாற்றத்தான். ஹெட்மாஸ்டர் ஒன்றை மாதிரிக்கு என்று எடுத்துப் போனார். சயன்ஸ் விஷயம், வீட்டில் வைத்து ஆராய வேண்டுமாம். ஆராய்ச்சி முடியவில்லை போலிருக்கிறது. மறுவாரம் இன்னொரு மாதிரி தேவைப்பட்டது. பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் ஐயர் ஒருவர்தான். அதைப் பார்த்தால் அவருக்குத் தலைவலி வரும்.

மேலிடத்திலிருந்து பதில் வராததால் என்னைத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். எங்கள் வட்டாரத்துக்கு ஆபீஸ் அங்கே இருந்தது. ஆபீஸில் இருந்த குமாஸ்தா ஃபைலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதி காணிக்கை செக்‌ஷனா, ஒழுக்கம் செக்‌ஷனா? அது தீரலையே” என்றார். எந்த செக்‌ஷன் என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். நான் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மத்தியான பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மலையடிவாரம்வரை நடந்தேன். ஜனங்கள் நடந்து மலையேறப் புறப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பீடி சுருட்டுக் கடை. மேலே புகை கூடாது என்பதால் ஏறுகிறவர்கள் அங்கே நின்று கடைசியாக ஒன்று பிடிப்பார்கள். பாதி பிடித்ததும் கூட வந்தவர்கள் கோவிந்தா சொல்லி இழுப்பார்கள். எறிய மனம் வராது. அந்தப் பாதிச் சுருட்டை அணைத்துக் கடைக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் அதில் நூல் கட்டி, நூலில் ஒரு சீட்டில் ஊர் பெயர் எழுதி, உள்ளே வைப்பார். இறங்கி வந்து வாங்கிக்கொள்வார்கள். நாயுடுபேட்டைக்காரர் ஒருவர் நான் பார்க்கும்போதே மொட்டைத் தலையோடு வந்து தன் பாதியை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். சாமி கும்பிட்டு வந்த முகம் மாறவே இல்லை.

எத்தனை நாள் கழித்து வந்தாலும் சுருட்டு காய்ந்திருக்காது என்றார்கள். எனக்குக் கேட்க வெட்கம். கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். கடைக்காரரே கேட்டார்.

“ஏமி காவாலப்பா? தீப்பெட்டியா?”

“இல்லீங்க. காயாம எப்படி வெக்கிறீங்கன்னு...”

அவர் சிரித்துக்கொண்டே திரையை விலக்கிக் காட்டினார். கல்தொட்டி. அடியில் இரண்டு விரல் தண்ணீர். தண்ணீர் மேல் செங்கல். செங்கல் மேல் தகரத் தட்டு, அதில் நூல் கட்டிய பாதிகள். மேலே மரமூடி.

“நீள்ளு கீழ இருக்கணும், தொடக்கூடாது. மட்டிப் பானை வெயில்ல சூடாயிடும். ராயி சூடாகாது. ராயி உண்டா மீ ஊர்ல?” என்றார். நீள்ளு என்றால் தண்ணீர், மட்டி மண், ராயி கல். சித்தூரில் கல்லுக்கா பஞ்சம்?

ஆனால் அந்த மாதிரி மூடியோடு கூடிய கல்தொட்டி எங்கள் கோயில் கட்டடத்துக்குள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பஸ் காணிப்பாக்கம் விலக்கைத் தாண்டும்போதே அது என் மனசில் வந்துவிட்டது. ஊர் வந்து சேரும்வரை அதை வெளியே தள்ளிப் பார்த்தேன். போகவில்லை.

வாசலுக்குப் பக்கத்தில், எல்லா பெஞ்சுகளுக்கும் பின்னால் இருக்கிறது எங்கள் ஞானஸ்நானத் தொட்டி. பாதிரிமார் கொண்டு வந்து நிறுத்திய ஒரே கருங்கல். ஒரு முழத்துக்கு மேல் அகலம். கனமான தேக்கு மூடி. ஞானஸ்நானம் இருக்கிற ஞாயிறு மட்டும் கழுவித் தண்ணீர் ஊற்றுவேன். மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும். சித்திரை வெயிலில் மதியம் அதன் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

“இன்னாய்யா, சாமி தொட்டியிலயா?” என்றாள் என் மனைவி.

“தீர்மானத்துல கோயில் கட்டடத்துக்குள்ளன்னு எழுதிக்கீது.”

“கட்டடத்துக்குள்ளன்னா தொட்டிக்குள்ளயா? புள்ளைங்களுக்கு ஊத்தற தண்ணி!”

“அப்ப எடுத்துட்டுக் கழுவிக்கலாம்.”

அவள் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். ஆணி அடிக்காத சுவர். பிறகு செங்கல் இரண்டை அவளே கழுவிக் கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்தபடி செங்கல் மேல் வைத்துத் தொட்டியை மூடினேன். மூன்றாம் நாள் முள் ஐம்பது. ஒரு வாரத்தில் அறுபத்தைந்து. ஹெட்மாஸ்டர் “ஃபர்ஸ்ட் கிளாஸ்!” என்று என் தோளைத் தட்டினார். அவர்கள் ஈரம் பார்க்க வரும்போது பெட்டியை எடுத்து உள்ளறையில் கொண்டு வைப்பேன். பார்த்துவிட்டுப் போனதும் தொட்டிக்குள் திரும்பிவிடும். பெட்டி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. முள் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

வைகாசியில் ஒரு ஞாயிறு. இரண்டாம் பாட்டுக்கு முன்னால் மாநில எல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வாசலில் நின்றது. கரும்பு வெட்டுகிற கூலிக்காரர்கள். கைக்குழந்தைக்கு எட்டு நாளாக மூக்கு அடைத்துக்கொண்டு பால் குடிக்கவில்லை. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. ஆசுபத்திரியில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் தாய்க்குப் பயம். இன்றைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று அழுதாள்.

ஐயர் என்னிடம் குனிந்து, “பாட்டு முடியறதுக்குள்ள தொட்டிய ரெடி பண்ணுப்பா” என்றார்.

பாட்டுக்கு நாலு சரணம். முதல் சரணத்தில் மூடியைத் தூக்கிப் பெட்டியை எடுத்துத் துண்டில் சுற்றிக் கடைசி பெஞ்சின் அடியில் தள்ளினேன். எல்லோரும் முன்பக்கம் பார்த்துப் பாடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் சரணத்தில் செங்கல். மூன்றாம் சரணத்தில் வாளியை எடுத்துக் கிணற்றுக்கு ஓடினேன். நல்ல தண்ணீரோடு திரும்பி வந்தபோது ஐயர் குடும்பத்தோடு தொட்டியருகே வந்துவிட்டார். ஆர்மோனியக்கார அம்மா நாலாம் சரணத்தை விட்டுவிட்டார்.

தொட்டியில் பழைய தண்ணீர். மூன்று வாரம் சுருட்டுக்குக் கீழே கிடந்த தண்ணீர். திறந்த பெட்டியிலிருந்து இலைத் தூள் விழுந்து கஷாய நிறத்தில் இருந்தது. நான் சொல்ல வேண்டியது நாலே வார்த்தை: ஐயரே, அந்தத் தண்ணி வேணாம். ஆனால் ஞானஸ்நானத்துக்கு சபை முழுவதும் எழுந்து பின்பக்கம் திரும்பி நிற்கும். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துத்தான் நிற்பதாக எனக்குத் தோன்றியது. வாளி கையில் இருக்க, வாய் திறக்காமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் விட்டவற்றில் மிகவும் கெட்டது அதுதான்.

ஐயர் கண்ணை மூடி ஜெபித்தபடி கையை உள்ளே விட்டார். மூன்று கை தண்ணீர் குழந்தையின் தலையில்.

குழந்தை ஒரு நொடி திகைத்தது. பிறகு தும்மியது. மறுபடி தும்மியது. ஏழு தும்மல். ஏழாவது தும்மலில் எட்டு நாள் அடைப்பு மொத்தமாக வெளியே வந்தது. உடனே தாயின் மார்பைத் தேடிப் பால் குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனது.

“ஐயரே, உங்க கையி சாதாரண கையி இல்ல” என்று அந்தத் தாய் அவர் காலில் விழப்போனாள். அவள் குடும்பம் அந்தக் கையின் புகழைச் சொல்லிக்கொண்டே பஸ் ஏறியது.

அதே கைதான் மற்றதையும் செய்தது. ஆராதனை முடிந்ததும் ஐயர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, ஸ்தோத்திரம் சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். அன்றும் ஒருவர் பாக்கியில்லாமல் கொடுத்தார். வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றில் கை வைக்கப் போனவர்கள் எல்லோரும் கையை மோந்து பார்த்திருக்கிறார்கள். மூப்பர் எல்லோரையும்விட அதிக நேரம் மோந்தாராம். அது என்ன வாசனை என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்றுதான் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. ஐயர் சுருட்டுப் பிடிக்கிறார். மறுநாள் மூப்பர் உள்ளறைக்கு வந்து பெட்டியைத் திறந்து எண்ணினார். பதினொன்றுதான் இருந்தது.

“பாத்தியா? கையும் நாறுது, பெட்டியிலயும் காணோம். இன்னும் இன்னா சாட்சி வேணும்?” என்றார். பதினாலில் குறைந்தது எட்டு அவர் சட்டைப்பை வழியாகப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதை அவர் நிஜமாகவே மறந்துவிட்டார் என்றுதான் அப்போதும் இப்போதும் நம்புகிறேன். கெட்டதை எடுத்து எறிந்ததாகத்தான் அவர் மனசில் பதிந்திருக்கும்.

ஐயரை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு மனு தயாரானது. அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கோயிலிலேயே கமிட்டி கூடும், சபையாரும் இருக்கலாம் என்று அறிவித்தார்கள். சபையார் இருக்கலாம் என்றால் ஒருவரும் போகமாட்டார்கள் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை ஐயர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். புளி போட்டும் சாம்பல் போட்டும் தேய்த்துக் கை சிவந்திருந்தது.

“நான் அந்தப் பெட்டியத் தொட்டதே இல்லன்னு உனக்குத் தெரியுமில்லப்பா?”

தலையாட்டினேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கணக்கு நேரானது.

“நீ சொன்னா நாம தெருவுல. சொல்லலன்னா அவரு தெருவுல. அவருக்காவது வேற ஊர் குடுப்பாங்க. நமக்கு யாரு குடுப்பா?”

“ஆமா.”

“ஆமாவா? அப்ப இன்னாத்துக்குத் துன்னாம உக்காந்துக்கினுகீற?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுப்பங்கரையிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. “அந்த மனுஷன் கையைத் தேச்சித் தேச்சி தோலு போயிடும் போலக்கீது. உனக்குப் பேச வராதுன்னா பேசாத. தூக்கிக்கினு போய்க் காட்டு. காட்டறதுக்கு இன்னா வாயா வேணும்?”

ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட்டு ஒருவரும் போகவில்லை. மூப்பர் முன்னால் நின்று மனுவைப் படித்தார். புகையிலை என்ற வார்த்தை வரும்போதெல்லாம் இருமினார். ஐயர் கையை மடியில் வைத்துக் குனிந்திருந்தார்.

நான் பின்னால், பெட்டியும் பழைய தண்ணீரும் மறுபடி இருந்த தொட்டியின் மூடியைத் தூக்கினேன். அந்த வாசனை மெதுவாக முன்பக்கம் போனது. ஒவ்வொரு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் தொட்டித் தண்ணீர் மொண்ட பித்தளைச் செம்பு. அந்த நடைபாதை அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டையும் மேஜையில் வைத்தேன்.

“ஐயர் இல்ல. இந்தத் தண்ணி” என்றேன்.

செம்பை முதலில் மோந்தவர் ஆர்மோனியக்கார அம்மா. பிறகு அது கை மாறிப் போனது. “தொட்டிக்குள்ள... ஈரத்துக்கு...” என்று இன்னும் இரண்டு வார்த்தை சொன்னேன். போதுமாக இருந்தது. ஐயர் தன் கையை ஒருமுறை, செம்பை ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹெட்மாஸ்டர் பெட்டியைத் திறந்தார். கண்ணாடியை மேலே தள்ளினார். இருந்த இடம் மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

“எழுபது! கரெக்டா எழுபது!” என்று சபை முழுவதுக்கும் காட்டினார். “டிஸ்டிங்ஷன்!”

முன் பெஞ்சில் யாரோ கை தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“டிஸ்டிங்ஷன் இருக்கட்டும் சார்!” என்று கத்தினார் மூப்பர். “ஞானஸ்நானத் தொட்டியில சுருட்டு வெச்சவன இன்னா பண்றது? இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்க. அதுவுமில்லாம மீதி பதினாலு எங்க? யார்ரா எடுத்தது?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் என் கால் விரல்களைப் பார்த்தேன். “ஈரம் பாக்க வந்தவங்க.”

“யாரு வந்தது?”

“கமிட்டி” என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது மூப்பரின் மனைவி என்று என் மனைவி இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

சபையாரை வெளியே அனுப்பிவிட்டு உள்ளறையில் கமிட்டி உட்கார்ந்தது. என்னை வெளியேற்ற வேண்டும் என்பதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் எதற்காக என்று எழுத வேண்டுமே. தொட்டியில் வைத்ததற்காக என்று எழுதினால், கோயில் கட்டடத்துக்குள் ஈரமான இடத்தில் வை என்ற ஐந்தாவது தீர்மானம் குறுக்கே நின்றது. முள்ளை எழுபதில் நிறுத்தாததற்காக என்று எழுத முடியாது. முள் எழுபதில் நின்றது. சுருட்டு குறைந்ததற்காக என்று எழுதினால் மேலிடம் விசாரணைக்கு ஆள் அனுப்பும். அந்த ஆள் உட்காரப்போவது புகையிலை கூடாது என்று வெட்டிய அந்தச் சுவர்க் கல்லுக்கு எதிரில்தான். ஹெட்மாஸ்டர் மூன்று தாள்களைக் கசக்கினார். நாலாவது தாளில் எழுதியதை ஐயர்தான் வாசலுக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டினார். ஐந்தாவது தீர்மானத்தில் கண்டபடி மணியடிக்கிறவர் தமக்கிட்ட பொறுப்பை நிறைவேற்றியுள்ளபடியால் அவரது பணி நிரந்தரமாக்கப்படுகிறது. மனுவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“எழுதிட்டாங்கப்பா. இனிமே அழிக்க முடியாது” என்றார் ஐயர்.

அந்தக் குழந்தைக்கு மறுபடி ஞானஸ்நானம் வேண்டுமா என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது, தண்ணீர் தண்ணீர்தான் என்று ஐயர் சொல்லிவிட்டார். ஆனால் எல்லைக் கிராமங்களிலிருந்து மூக்கடைத்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு வருஷத்துக்குக் குறையவில்லை. நல்ல தண்ணீர்தான் ஊற்றினோம். அவர்களுக்கு அவ்வளவு திருப்தி இல்லை.

அன்று மத்தியானம் நான் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். அதில் மாட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. என் மனைவி முறத்தை மாட்டினாள்.

மேலிடத்துப் பதில் அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் வந்தது. இந்த விஷயத்தை உள்ளூர்க் கமிட்டியே முடிவு செய்து கொள்ளவும். கமிட்டி முடிவு செய்தது. ஏலத்தில் கிடாவுக்கு முன்னால் ஹெட்மாஸ்டர் கூவினார்: “மரப்பெட்டி ஒண்ணு. கீல் வெச்சது. பெட்டி மட்டும்.” உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை. வேதப்புத்தகம் வைக்கத் தோதாக இருக்கும் என்று சொல்லி மூப்பர் கேட்டார். தனக்கும் ஒரு வேதப்புத்தகம் இருப்பதாகச் சொல்லி, கூவிக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டரே எதிர்த்துக் கேட்டார். கடைசியில் மூப்பருக்குப் போனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மூப்பர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏழு வருஷத்தில் அவர் அந்த வாசலுக்கு வந்ததில்லை. அக்குளில் துண்டால் மூடிய பெட்டி. தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, வெயில் ஆரம்பிச்சிடுச்சி. இந்த வேதப்புத்தகப் பெட்டி காஞ்சிக்கினே போவுது. நீ இன்னா பண்ணி வெச்ச அப்ப? கொஞ்சம் சொல்லேன்.”

கல்தொட்டி, இரண்டு விரல் தண்ணீர், இரண்டு செங்கல், மரமூடி. சொன்னால் ஒரு நிமிஷம். அவர் மரவாடியில் மூடிக்குப் பஞ்சமில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். யாருடைய முகத்தையும் அப்படி நேராகப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

“முள்ளு எதுல நிக்குதுங்க மூப்பரே?”

“முப்பத்தஞ்சி.”

“பாஸுதாங்க” என்றேன்.